கழற்றி வைத்த கார்

அந்தக் காரின் சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. தகரக் கூரையில் செங்கல் உருளுவதுபோல எங்கள் தெருவையே எழுப்பிவிட்டுப் போகும். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த ஸ்போர்ட்ஸ் கார். கோவை மில் முதலாளி கனகசபாபதி அதில் என்ஜின் முதல் இருக்கை வரை எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்.

விற்கும்போது மெக்கானிக் மயில்சாமியைக் கூப்பிட்டார்.

"வர்றவர்கிட்ட, கப்பல்ல வந்தபடியே இருக்குதுன்னு சொல்லு. மாத்தினதுன்னு வாயத் திறந்தா உனக்கு வேலை இல்லை."

"பொய்யின்னு தெரிஞ்சுட்டா, ஐயா?"

"அப்பவும் உனக்குத்தான் வேலை இல்லை."

மறுநாள் திருப்பூர் டாக்டர் ஞானசிகாமணி வந்தார். "வந்தபடியே இருக்குதா?"

"ஒரு ஸ்க்ரூ மாறலைங்க. வாங்க, காட்டறேன்."

வாசலில் நின்ற காரைத் தாண்டி, பின்பக்க ஷெட்டுக்கு அழைத்துப்போனார் மயில்சாமி. கழற்றிய என்ஜின், இருக்கைகள், சைலன்சர் எல்லாம் துடைத்து அடுக்கியிருந்தன. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுகூட உதிரவில்லை.

"இதுல வண்டியோட பாடியைக் காணோமே?" என்றார் டாக்டர்.

"வாசல்ல ஐயா சொந்தமா செஞ்ச கார் ஒண்ணு நிக்குதுங்களே, அதுக்கு இரவல் கொடுத்திருக்குதுங்க."

பின்னாலேயே வந்த கனகசபாபதி திட்ட வாயெடுத்தார். ஆனால் மயில்சாமி பொய்யும் சொல்லவில்லை, மாற்றியதாகவும் சொல்லவில்லை.

டாக்டர் சிரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கினார், பழையபடி பூட்டித்தர மயில்சாமியும் கூடவே வரவேண்டும் என்ற நிபந்தனையோடு.

மயில்சாமி திருப்பூரிலேயே தங்கிவிட்டார். கனகசபாபதியிடம் அதன்பிறகு எந்த மெக்கானிக்கும் ஆறு மாதத்துக்குமேல் நிற்கவில்லை.