பித்தளை யானையின் எடை

“அம்மா, சாமி என்னைக் கைவிட்டுட்டார்!”

வந்த வேகத்தில் புன்லெர்த் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அறுபது வயசு மனுஷர். வடக்குத் தாய்லாந்தில் ஆற்றோரமாக ஒரு சின்ன நகரம். அங்கே நூடுல்ஸ் கடை வைத்திருந்தார். அவருடைய குரு ரச்சனி, வெள்ளை உடுத்திய பௌத்தத் துறவி. அவரைவிட இருபது வயசு சின்னவள். ஊர் கேலி பண்ணியது. பண்ணட்டுமே என்று விட்டுவிட்டார்.

“என்ன ஆச்சு அண்ணே?”

“ரெண்டாவது தடவையும் யானை எழும்பிடுச்சும்மா.”

ஊர்க் காவல் தெய்வத்தின் சன்னிதியில் ஒரு பித்தளை யானை உண்டு. சோற்றுப் பானை அளவுதான் இருக்கும். மனசில் உள்ளதைச் சொல்லி, சுண்டு விரலை மாட்டித் தூக்க வேண்டும். முதல் தடவை எழும்ப வேண்டும். மறு தடவை அசையவே கூடாது. அப்படி அமைந்தால் நினைத்தது பலிக்கும்.

“மத்தியானம் மாலிக்கு நெஞ்சுல ஆபரேஷன். இன்னிக்கு விட்டா ஆபத்துங்கிறார் டாக்டர். அவளோ, யானை சொன்னாத்தான் உள்ள போவேங்கிறா.”

“பொய் சொல்லிடுங்களேன்.”

“நாப்பது வருஷப் பொண்டாட்டிம்மா. என் மூஞ்சியைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவா. நீங்க வந்து இதெல்லாம் வெறும் பித்தளைன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா.”

ரச்சனி குடையை எடுத்தாள்.

“வாங்க, யானையைப் பார்க்கலாம்.”

சன்னிதியில் நல்ல கூட்டம். சாமி முன்னால் சிவப்பு சோடா பாட்டில்கள், மூடி திறந்து, ஸ்ட்ரா போட்டு, வரிசை வரிசையாக. தாகத்தோடு வருகிற சாமியை மூடியோடு மல்லுக்கட்ட விடுவார்களா என்ன? அப்படி ஒரு பாசம் அந்த ஊருக்கு.

ரச்சனி தரையில் நெற்றி பட வணங்கினாள். புன்லெர்த்துக்கு வியப்பு தாங்கவில்லை. எழுந்தவள் நேராகப் போய் யானையின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

“இப்ப கேளுங்க அண்ணே.”

“ஐயோ, இது கள்ளாட்டம்மா!”

“அதைச் சாமி பார்த்துக்குவார். தூக்குங்க.”

தூக்கினார். ஒல்லியான கை அவளுக்கு. யானை லேசாக ஆடியது.

“யாருக்காக?” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பினால் எதிர்க்கடை சோம்ஸ்ரீ. அவளும் நூடுல்ஸ் கடைதான். வாடிக்கையாளரைக் கூவி இழுப்பதில் மூண்ட சண்டை. மாலியோடு பேசி நாலு வருஷம் ஆகிறது.

“மாலிக்கு. மத்தியானம் ஆபரேஷன்” என்றார் புன்லெர்த், தலையைக் குனிந்துகொண்டு.

சோம்ஸ்ரீ கையிலிருந்த சோடாவைக் கீழே வைத்தாள். முன்னால் வந்தாள். இரண்டு கையையும் யானைமேல் ஊன்றினாள்.

பிறகு பூக்காரி வந்தாள். தபால்காரர் வந்தார். முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவர், “நானும் வைக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டே வைத்தார். யானையில் இடமில்லாமல் போய், கைமேல் கை வைத்தார்கள்.

புன்லெர்த் மூச்சைப் பிடித்து இழுத்தார். விரல் சிவந்தது. வீங்கியது. யானை அசையவில்லை.

மனுஷர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

“அழுகையெல்லாம் அப்புறம்” என்றாள் ரச்சனி. “மணி பதினொண்ணு ஆகுது. ஓடுங்க.”

ஆஸ்பத்திரியில் மாலி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“அசைஞ்சுதா?”

அவர் வீங்கிய விரலைக் காட்டினார். காலையில் நடந்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். முதலில் ரெண்டாவது தடவையும் யானை எழும்பிவிட்டதையும்தான்.

மாலி சுவரை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“சோம்ஸ்ரீயுமா?”

“ரெண்டு கையையும் வச்சா.”

மாலி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“நர்சம்மா! அந்த ஸ்ட்ரெச்சரைத் தள்ளிட்டு வாங்க, நேரமாகுது.”