மீரான் பிச்சையின் முதல் சிகரெட்

கடலோரத்துத் தர்கா ஒன்றில் சுலைமான் ஹஜ்ரத் இருந்தார். அவருடைய சீடர்களில் ஒருவர் மீரான் பிச்சை. சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு, குருவுக்கு நாற்பத்தாறு. அதனால் ஹஜ்ரத் அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பாலைவன நாட்டில் கட்டட வேலைக்காரர்களுக்கு இருபது வருஷம் சோறாக்கிப் போட்டுவிட்டு ஊர் திரும்பியவர் மீரான். ஹஜ்ரத்திடம் வந்த பிறகு கோபத்தை விட்டார், புறம் பேசுவதை விட்டார். சிகரெட்டை மட்டும் விட முடியவில்லை.

இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப ஓதும் திக்ரு சொல்ல உட்கார்ந்தால் பாதியிலேயே மூச்சு வாங்கும். மற்றவர்கள் முடிக்கிறவரை வாயைத் திறந்தபடி காத்திருப்பார். நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், நுரையீரலில் போனது போனதுதான், இப்படியே இழுத்தால் அடுத்த வருஷம் ஆக்சிஜன் குழாயோடுதான் நடமாட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் மீரான் ஒரு செம்பு தண்ணீரோடு வந்து, சிகரெட்டை விட அதில் ஓதித் தரும்படி கேட்டார். ஹஜ்ரத் செம்பை வாங்கவில்லை. எப்போது பழகியது என்று மட்டும் விசாரித்தார்.

இருபத்தொன்பது வயதில் என்றார் மீரான். வேலைக்காரர்கள் தங்கியிருந்த முகாமில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. வாயைத் திறக்காமலே நாட்கள் போகும். சாயங்காலம் சமையல்கட்டுக்குப் பின்னால் நாலைந்து பேர் புகைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் இத்ரீஸ் என்ற சூடான்காரர் நகர்ந்து இடம் கொடுத்துப் பெட்டியை நீட்டினார். வேண்டாம் என்றால் எழுந்து போக வேண்டியிருக்கும். வாங்கிக்கொண்டார். இருமலில் கண்ணெல்லாம் தண்ணீர். இத்ரீஸ் சிரித்துக்கொண்டே முதுகைத் தடவிவிட்டார்.

"ஊரை விட்டுப் போய்ப் பதின்மூணு மாசம், ஹஜ்ரத். அதுவரைக்கும் என் மேல ஒரு கை பட்டதில்லை."

அடுத்த வருஷம் இத்ரீஸ் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். விலாசம் கேட்டு வாங்கக்கூட இருவருக்கும் பொதுவாய் ஒரு பாஷை இல்லை.

"இப்பவும் முதல் இழுப்புல வருவார். ரெண்டாவதுல போயிடுவார்."

ஹஜ்ரத் எழுந்தார். மீரான் வழக்கமாகப் புகைக்கும் கடற்கரைப் பக்கம் அவரைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். சிகரெட் குடிக்காதீங்க என்று சொல்லவில்லை. மீரானின் கை இரண்டு தடவை சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியது. உதடு காய்ந்தது. வெயில் இறங்கிய பிறகு, இத்தனை வயது மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

"தாங்க முடியலை ஹஜ்ரத்."

"சிகரெட் வேணுமா?"

மீரானின் கை மறுபடி சட்டைப்பைக்குப் போய், பாதியில் நின்றது.

"இல்லை. அவரை ஒரு தடவை பார்க்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இதுக்கு என்ன மருந்து?"

"இதுக்கு மருந்து போட்டுத்தானே காக்கா, நெஞ்சு இப்படி ஆச்சு."