மூன்று முழ ராணி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடல்தண்ணீர் இன்னும் உப்புக் கரிக்காத காலம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன், பேரம்பலம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவர் மகாகாத்திர ராஜா. அவருக்கு எதுவுமே பெரிதாக இருந்தால்தான் பிடிக்கும். இட்லி என்றால் தாம்பாளம் அளவு. குடை என்றால் பந்தல் அளவு. சிம்மாசனத்தில் ஏறுவதற்கு ஏணி வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! வாரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து விழவும் செய்தார். சொல்லக் கூடாது, ஆனாலும் வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

இப்பேர்ப்பட்டவர் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார் தெரியுமா? சங்குத்தீவில் பிறந்த குன்றிமணியை. ராஜாவின் இடுப்பு உயரம்தான் இருப்பாள். பெரியது பெரியது என்று தேடித் திரிந்த மனுஷன், அவள் சிரித்ததைப் பார்த்ததும் மற்ற எல்லாவற்றையும் மறந்துபோனார்.

ஒருநாள் வறட்டுமாயன் என்ற மந்திரவாதி சபைக்கு வந்தான். "என்னை முதல் மந்திரி ஆக்கு" என்றான். ராஜா ராணியைப் பார்த்தார். ராணி அவன் கண்ணைப் பார்த்தாள்.

"வேண்டாம். இவர் கண்ணில் கொஞ்சம்கூட ஈரம் இல்லை" என்றாள்.

வந்ததே கோபம் அவனுக்கு! "ஈரமா கேட்கிறாய், ஈரம்? உன் தீவில் ஊர்கிற பாம்பாகப் போ!" என்று ஒரு பிடி சாம்பலை ஊதினான். ராணி நின்ற இடத்தில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. மூன்றே முழ நீளம். முதுகில் புளியங்கொட்டை நிறத்தில் பட்டை பட்டையாக அடையாளம். வால் மட்டும் செம்பருத்திச் சிவப்பு.

"இவள் மூன்று முறை சட்டை உரிப்பாள். ஒரு சட்டையாவது மூக்குநுனி முதல் வால்நுனி வரை கிழியாமல் வந்தால் மறுபடியும் ராணி. மூன்றும் கிழிந்தால் கடைசிவரைக்கும் பாம்பு!" என்று கத்திவிட்டுப் புகையாக மறைந்தான்.

மறைந்தவன் எங்கே போனான்? உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், ராஜா காதில் போட்டுவிடாதீர்கள். கொல்லை வாசல் வழியாகச் சுற்றி வந்து, வெள்ளைத் தாடி ஒட்டிக்கொண்டு, அரண்மனை வைத்தியராக வேலைக்குச் சேர்ந்துவிட்டான்!

வந்த முதல் நாளே பாம்பைப் பார்த்து உச்சுக்கொட்டினான். "ஐயோ, மகாராஜா! எவ்வளவு சின்னதாக இருக்கிறார்கள் மகாராணி! சோகை பிடித்திருக்கிறது. ஊட்டுங்கள், ஊட்டுங்கள், இன்னும் ஊட்டுங்கள்!"

ராஜா பாவம், ஆசைப் பெண்டாட்டி அல்லவா? ஊட்டினார், ஊட்டினார், இன்னும் ஊட்டினார். ஊர்ப் பெண்களெல்லாம் சொம்பு சொம்பாகப் பால் கொண்டுவந்து வைத்தார்கள். பாம்பு பாலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முட்டை வைத்தார்கள், உருட்டி விட்டது. காலையில் ஒரு பெருச்சாளி, மாலையில் ஒரு பெருச்சாளி என்று வைத்தார்கள். விழுங்கிவிட்டுத் திணறியது, கக்கியது, துவண்டு படுத்தது. படுக்கை என்ன? தங்கப்பெட்டி, பட்டு மெத்தை, இரண்டு பக்கமும் கணகணவென்று கனல் சட்டி.

முதல் சட்டை கந்தல் கந்தலாக வந்தது. இரண்டாவது சட்டை அதைவிட மோசம். துணுக்குத் துணுக்காகப் பிய்ந்தது. ராஜா அழுதார். அவர் அழுகையும் பெரிதுதான், ஓர் அண்டா நிறைந்தது. "பாம்பாகிவிட்ட ராணியை வளர்க்கத் தெரிந்தவர்கள் யார் இருந்தாலும் வாருங்கள்!" என்று கடலோரமெல்லாம் தண்டோரா போடச் சொன்னார்.

அந்தச் சத்தம் கேட்டு ஒரு படகு வந்தது. அதிலிருந்து தலையில் ஒரு மண்பானையோடு ஒருத்தி இறங்கினாள்.

"யாரம்மா நீ?" என்றார் ராஜா.

"பேரு தாழைங்க. சங்குத்தீவுல பானை வனையறவ" என்றவள், தங்கப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மறுநிமிடம் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. "அடப் பாவிகளா, இப்படிக் காயப் போட்டிருக்கீங்களே!"

"சோகையம்மா அவளுக்கு. வளரவே மாட்டேன் என்கிறாள்" என்றார் ராஜா.

"சோகையாவது ஒண்ணாவது! எங்க தீவுப் பாம்பு அம்புட்டுத்தான் வளரும் மகராசா. சின்னத் தீவு, சின்ன எலி, சின்னப் பாம்பு. எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு பாம்பு, பாம்புக்கு ஒரு பானை. அது முட்டையிடாது, குட்டி போடும். குட்டி போட்டா ஊரே கூடிப் பங்கு போட்டுக்கும். பொண்ணு கல்யாணமாகிப் போனா கூடவே ஒரு குட்டியும் சீராப் போகும்."

"அப்படி எதுவும் எங்களுக்கு வரவில்லையே?"

"வந்துச்சு. உங்க வாசல்ல நிக்கிறவங்கதான், ‘இம்புட்டூண்டு சீரா?’ன்னு சிரிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க."

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. வாசல்காரர்களுக்கு அந்தச் சிரிப்பைக் கற்றுக்கொடுத்ததே அவர்தானே! ஆனால் வைத்தியன் குறுக்கே பாய்ந்தான். "மகாராணியை மண்பானையிலா வைப்பது? அபசாரம்! மகாராஜா, இவளை நம்பாதீர்கள்!"

தாழை தலையிலிருந்த பானையைத் தரையில் இறக்கிவைத்தாள். வாய் குறுகிய பானை. உள்ளே ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார் மெத்தையாகக் கிடந்தது. ஓரமாக ஒரு சொரசொரப்பான உடைந்த ஓடு. அவ்வளவுதான். தங்கப்பெட்டியிலிருந்து பாம்பு தலையைத் தூக்கியது. நாக்கை நீட்டி மோப்பம் பிடித்தது. பட்டு மெத்தையை விட்டு இறங்கி, ராஜாவின் பாதத்தைத் தாண்டி, சரசரவென்று பானைக்குள் போய்ச் சுருண்டுகொண்டது!

"சரி, இனிமேல் நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்றார் ராஜா.

"ஈரம் வைங்க, இருட்டு வைங்க, கையை எடுங்க."

"எவ்வளவு ஊட்டவேண்டும்?"

"இந்தச் சட்டை உரியற வரைக்கும் ஒண்ணும் ஊட்டக்கூடாது."

ஒன்றும் ஊட்டாமல் இருப்பது ராஜாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று நினைக்கிறீர்கள்! பானையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஐந்து நாள் போயிற்று. பத்து நாள் போயிற்று. பதினோராம் நாள் பார்த்தால், பாம்பின் கண் இரண்டும் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. மேல்தோல் மங்கிப் புழுதி படிந்த மாதிரி ஆகிவிட்டது.

"குருடாகிவிட்டார்கள்! கண்ணில் மருந்து விடவேண்டும்!" என்று வைத்தியன் சுக்குக் கஷாயத்தோடு ஓடிவந்தான்.

தாழை அவன் கையைத் தட்டிவிட்டாள். "பழைய சட்டைக்கும் புதுச் சட்டைக்கும் நடுவுல தண்ணி கோத்திருக்கு. நல்ல சகுனம். ஈரம் வைங்க, இருட்டு வைங்க, கையை எடுங்க."

ராஜா கையை எடுத்தார்.

பதினைந்தாம் நாள் வைத்தியன் இரண்டு பெருச்சாளிகளைக் கூண்டோடு தூக்கிவந்தான். "பட்டினி போட்டுக் கொல்கிறாள் மகாராஜா! ஊட்டுங்கள், ஊட்டுங்கள், இன்னும் ஊட்டுங்கள்!"

ராஜா தாழையைப் பார்த்தார். "வயிறு உப்பினா சட்டை கிழியும்" என்றாள் அவள். "ஈரம் வைங்க, இருட்டு வைங்க, கையை எடுங்க."

ராஜா கூண்டைத் தூக்கி வைத்தியன் கையிலேயே திணித்தார். கையை எடுத்தார்.

பத்தொன்பதாம் நாள் கண் பளிச்சென்று தெளிந்துவிட்டது. ஆனால் சட்டை உரியவில்லை. இருபதாம் நாளும் உரியவில்லை. இருபத்தோராம் நாள் நடுப்பகல், சபை முழுக்கக் கூடியிருந்தபோது, பானைக்குள் சரக் சரக் என்று ஒரு சத்தம்! பாம்பு தன் மூக்கை உடைந்த ஓட்டில் உரசிக்கொண்டிருந்தது. உதட்டோரம் தோல் லேசாகப் பிரிந்து மேலே மடங்கியது.

"பிடித்து இழுங்கள் மகாராஜா! உதவி செய்யுங்கள்! உங்கள் மனைவியல்லவா? சும்மா வேடிக்கை பார்க்கிறீர்களே!" என்று வைத்தியன் காதோரம் கிசுகிசுத்தான்.

ராஜாவின் கை தானாக நீண்டது. விரல் பானை விளிம்பைத் தொட்டது. அந்த விரலால் எத்தனை பெரிய காரியங்கள் செய்தவர் அவர்! இந்தச் சின்னத் தோலைப் பிடித்து இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் உள்ளே பாம்பு நிமிர்ந்து அவரைப் பார்த்தது. அந்தப் பார்வை அவருக்குத் தெரிந்த பார்வை. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஈரம் வைத்தோம், இருட்டு வைத்தோம்" என்றார். "கையையும் எடுத்துவிட்டேன். நீயே வா, குன்றிமணி."

சட்டை உரிய ஆரம்பித்தது! கழுத்து வந்தது. ஒரு முழம் வந்தது. இரண்டு முழம் வந்தது. உள்ளே இருந்து புத்தம்புதுத் தோல் வானவில் மினுமினுப்போடு நழுவியது. இன்னும் ஒரே ஒரு சாண், அந்தச் செம்பருத்தி வால்தான் பாக்கி.

வைத்தியனுக்கு வியர்த்துக் கொட்டியது. இனி வாய்ப்பேச்சு பலிக்காது. தூணுக்குப் பின்னால் ஒதுங்கி முணுமுணுத்தான். புலியாக மாறலாமென்றால் பானைக்குள் போகமுடியாது. நரியாக மாறலாமென்றால் கழுத்தே சிக்கிக்கொள்ளும். பானையின் வாயோ குறுகல். ஆகவே சின்னதாக, துறுதுறுவென்று, ஒரு சுண்டெலியாக மாறினான்! வெள்ளைத் தாடி மட்டும் தரையில் கிடந்தது. சுண்டெலி எல்லோர் காலுக்கும் நடுவே ஓடி, தாழையின் புடவை ஓரம் உரசிக்கொண்டு, பானைக்குள் குதித்தது. ஒரே கடி, வால்நுனிச் சட்டை கிழிந்துவிடும். பல்லைக் காட்டிக்கொண்டு வாலை நோக்கிப் பாய்ந்தது.

ஆனால் அந்த மடையன் ஒன்றை மறந்துவிட்டான். பிறருக்கு ஊட்டு ஊட்டு என்றே வாழ்ந்தவனுக்குப் பசி என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? உள்ளே இருந்தது இருபத்தோரு நாள் பட்டினி கிடந்த பாம்பு. வந்ததோ சங்குத்தீவுப் பாம்புக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரு சின்ன எலி!

லபக்!

எலியைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. அந்த மூன்றாவது சுற்று இறுகியபோதுதான் வாலும் சட்டையை விட்டு நழுவியது. மூக்குநுனி முதல் வால்நுனி வரை, ஒரு கீறல் இல்லாமல், முழுச் சட்டை பானைக்குள் கிடந்தது. பானை படாரென்று வெடித்தது. ஓடுகளுக்கு நடுவே, நனைந்த தேங்காய் நார் தலையெல்லாம் ஒட்டியிருக்க, இடுப்பு உயர ராணி எழுந்து நின்றாள்!

சபை ஆர்ப்பரித்தது. ராஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ராணி வாயைப் பொத்திக்கொண்டு, "ஏவ்!" என்று ஓர் ஏப்பம் விட்டாள்.

"தாழை, பசி மயக்கத்தில் என்னமோ சாப்பிட்டுவிட்டேன் போலிருக்கிறதே?"

தாழை தரையில் கிடந்த வெள்ளைத் தாடியைக் குனிந்து எடுத்துப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல தாயீ. நம்ம வைத்தியர்தான்."

ராஜா சிரித்தார் பாருங்கள், மாடப்புறாக்கள் எல்லாம் பறந்துபோயின! சிரித்து முடித்துவிட்டு, "கேள் தாழை! யானை வேண்டுமா? மாளிகை வேண்டுமா? மலை வேண்டுமா?" என்றார்.

"மலையை வச்சு நான் என்ன செய்ய? திருப்பி அனுப்பின சீரை வாங்கிக்கிடுங்க, போதும்."

அடுத்த படகில் அந்தச் சீர் வந்தது. ஒரு சாண் நீளக் குட்டிப் பாம்பு, கை அகலப் பானையில். தெருக்கோடி வரை ஓடிப்போய் அதை எதிர்கொண்டு வாங்கியவர் யார் தெரியுமா? ராஜாவேதான். மேளம் கிடையாது, யானை கிடையாது. இரண்டு உள்ளங்கையையும் குவித்து ஏந்திக்கொண்டு, கல் தடுக்கிவிடாமல் அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார். வழியில் ஒரு வாசல்காரன் எட்டிப் பார்த்து, "இது இன்னும் எவ்வளவு வளரும் மகாராஜா?" என்று கேட்டான்.

"வேண்டிய அளவு" என்றார் ராஜா.

அந்த ஏணி என்ன ஆயிற்று என்கிறீர்களா? மாங்காய் பறிக்க யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். ராஜா அதைத் தேடவே இல்லை. பானைக்குப் பக்கத்தில் ராணியோடு தரையில் உட்கார்ந்தே ராஜ்யம் ஆண்டார். அவர்கள் ஈரம் காயாமல் வாழ்ந்தார்கள், நாமும் அப்படியே வாழ்வோம்.