நாற்பது பெயருக்குச் சொந்தக்காரன்

வெண்ணாவல் நாட்டு ராஜா மழவரையருக்குத் தாம் போட்ட சட்டங்களிலேயே ஒன்றின் மேல் தனிப் பிரியம். தொழில் செய்கிறவர்கள் தங்கள் பெயரை அரண்மனை ஏட்டில் பதிய வேண்டும். முதலில் வந்து பதிகிறவருக்கே அந்தப் பெயர். வேறு யாரும் அதை வாசலில் எழுதிவைக்கக் கூடாது. "நானே நினைச்சாலும் மீற முடியாத சட்டம்" என்று சொல்லி மீசையைத் தடவிக்கொள்வார். ராஜா மீசையைத் தடவிய நேரத்தில் மாசிலாமணி என்பவன் நன்றாகப் பிழைத்துக்கொண்டான்.

மாசிலாமணிக்கு வைத்தியம் தெரியாது, நெசவு தெரியாது, ஒரு வடை சுடக்கூடத் தெரியாது. ஊரில் எந்தப் பெயர் எடுபடுகிறது என்று மோப்பம் பிடிக்கத் தெரியும். அந்தப் பெயருக்குரியவர் அரண்மனைப் பக்கம் வருவதற்குள் ஓடிப்போய் அதைப் பதிந்துவிடுவான். பிறகு சாவகாசமாக அவர் வீட்டுக்கே போய் விலை பேசுவான். ஏட்டில் தன் சொந்தப் பெயர் போக, இன்னும் நாற்பது பெயர்களை இப்படி வளைத்துப் போட்டிருந்தான். இதையும் ஒரு பிழைப்பு என்று சொல்லிக்கொண்டு பட்டு அங்கவஸ்திரத்தோடு திரிந்தது அந்த ஜென்மம்.

நாற்பதாவது பெயர் உடையாளுடையது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வெளியூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். மாசிலாமணி கோட்டையின் தெற்கு வாசலருகே கொட்டகை போட்டு, 'உடையாள் வைத்தியசாலை' என்று பலகை மாட்டினான். எவனோ ஒருவனைப் பிடித்துக் கையில் விளக்கெண்ணெயைக் கொடுத்து உள்ளே உட்காரவைத்தான். பலகையை நம்பி இறங்கியவர்கள் கோணல் கையோடு ஊர் திரும்பினார்கள்.

அப்படிக் கை கோணிப்போன தச்சர் ஒருவரை அழைத்துக்கொண்டு உடையாள் அவைக்கு வந்தாள்.

"மகராசா, இந்தக் கையால இனிமே உளி பிடிக்க முடியாது. என் பேர நம்பிப் போனாரு, பாவம். என் பேர எனக்கு வாங்கிக் குடுங்க."

மாசிலாமணி கொஞ்சமும் கூசவில்லை. "எங்க வீட்டுக் கிடாரிக் கன்னுக்கு உடையாள்னு பேரு, மகாராஜா. ஆசையா வளர்க்கிறோம், அதான் பதிஞ்சேன். இந்தம்மாவுக்கு வேணும்னா நூறு பொன்னுக்கு விட்டுக் கொடுக்கிறேன்."

"உங்க கிடாரி எலும்புக்குக் கட்டுப் போடுமா?" என்று கேட்டார் சாத்தப்பர். அவர் ராஜாவின் ஆலோசகர், கேலிக்குப் பேர்போனவர். ஆனால் அன்று தச்சரின் கையைப் பார்த்த பிறகு அவர் குரலில் சிரிப்பு இல்லை.

ராஜா நெளிந்தார். "சட்டப்படி முதல்ல வந்தவன் இவன். சாத்தப்பரே, சட்டத்தையும் மீறக் கூடாது, இவனுக்கு ஒரு காசும் கொடுக்கக் கூடாது. ஆனா அந்தப் பேர் இந்தம்மா கைக்கு வரணும். என்ன செய்வீரோ தெரியாது."

"சட்டத்தை எதுக்கு மீறணும், மகாராஜா? அடுத்த வாரம் பெயர் விளி வருதே. அதை ஒழுங்கா நடத்தினாப் போதும்."

பெயர் விளி என்பது வருஷத்துக்கு ஒரு நாள். ஏட்டிலுள்ள ஒவ்வொரு பெயரையும் மூன்று தரம் உரக்கக் கூப்பிடுவார்கள். பதிந்தவர் நேரில் நின்று 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பெயர் அவருக்கு இல்லை. அடுத்து யார் முதலில் கேட்கிறாரோ அவருக்குப் போய்விடும். இதுவரை எல்லாப் பெயரையும் கிழக்கு வாசலில்தான் கூப்பிட்டார்கள். மாசிலாமணி மோர்ப் பானையோடு அங்கேயே உட்கார்ந்து, நாள் முழுக்க 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

இந்த வருஷம் ஏடு பெருத்துவிட்டதாம். நான்கு வாசல்களிலும் அவை மண்டபத்திலுமாக ஐந்து இடங்களில் ஒரே சமயத்தில் விளி நடக்கும் என்று மூன்று நாள் தண்டோரா போட்டார்கள்.

மாசிலாமணி அசரவில்லை. ஏட்டைப் பார்த்துக்கொள்ளும் கணக்கரிடம் போனான். தன் நாற்பது பெயர்களும் எந்தெந்த வாசலில், எத்தனையாவதாக வருகின்றன என்று கேட்டு எழுதிக்கொண்டான். ஒரு குதிரையையும் ஏற்பாடு செய்துகொண்டான்.

விளி நாளன்று ஊரே அந்தக் கூத்தைப் பார்த்தது. கிழக்கே பானைக்காரர் பெயருக்கு 'இருக்கிறேன்' என்றான். மேற்கே பறந்து நெசவாளி பெயருக்குச் சொன்னான். வடக்கே போகும்போது தலைப்பாகை விழுந்தது, எடுக்க நேரமில்லை. தெற்கு வாசலில் உடையாளின் பெயரை மூன்றாம் தரம் கூப்பிடும்போது, குதிரை மேலிருந்தபடியே கத்தினான். அது செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த தச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மாசிலாமணி நொண்டிக்கொண்டே அவைக்குள் நுழைந்தான். "நாற்பதும் பத்திரம், மகாராஜா. ஒண்ணுகூட நழுவல."

"பார்த்தோம்," என்றார் சாத்தப்பர். "நல்ல ஓட்டம். அந்த நாற்பதும் ஏட்டுல யாருக்குச் சொந்தம்னு பதிஞ்சிருக்கு?"

"இதென்ன கேள்வி? மாசிலாமணிக்குத்தான்."

"அந்தப் பேரைக் காலையில இந்த மண்டபத்துல கூப்பிட்டோம். மூணு தரம். யாரும் வரல."

மாசிலாமணி மடியிலிருந்த பட்டியலை அவசரமாக எடுத்துப் பிரித்தான்.

"உடையாளம்மா முதல் ஆளாக் கேட்டாங்க. பதிஞ்சு கொடுத்தாச்சு. இனிமே ஏட்டுல மாசிலாமணின்னா இந்தம்மாதான். நாற்பது பேரும் மாசிலாமணிக்குத்தான் சொந்தம்னு இப்பத்தான் நீயே சொன்ன."

"அது எங்கப்பா எனக்கு வெச்ச பேரு!"

"உடையாள்ங்கிறது இவங்கப்பா வெச்ச பேரு. முதல்ல வந்தவருக்கே பேர். இந்தச் சட்டம் எங்களைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

"என் பேரு இங்க வரும்னு யாரும் சொல்லலையே," என்று அழாக்குறையாகச் சொன்னான் மாசிலாமணி.

கணக்கர் எழுந்து நின்றார். "நாற்பது பேருக்கு இடம் கேட்டான், சொன்னேன். தன் பேருக்கு அவன் கேட்கவே இல்லை, மகாராஜா."

"விலை போற பேரை மட்டும் தேடியிருக்கான்," என்றார் சாத்தப்பர்.

ராஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சட்டத்தில் ஒரு கீறலும் விழவில்லையே என்ற சந்தோஷம் வேறு. கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பருக்குப் போட்டார். தச்சரின் குடும்பத்தைக் காப்பாற்றுவது இனி அந்தக் கொட்டகையைப் போட்டவன் பொறுப்பு என்று உத்தரவும் போட்டார்.

உடையாள் அங்கேயே முப்பத்தொன்பது பெயர்களையும் உரியவர்களுக்குச் சும்மா எழுதிக் கொடுத்தாள். நாற்பதாவதைத் தனக்கு வைத்துக்கொண்டாள். பாக்கி ஒரு பெயர் நின்றது.

"மாசிலாமணிங்கிற பேரையும் நீயே வெச்சுக்கம்மா," என்றார் ராஜா. "இவன் பேரில்லாம கிடக்கட்டும்."

உடையாள் முகத்தைச் சுளித்தாள்.

"வேணாம் மகராசா, அவர்கிட்டயே குடுத்துடுங்க. என் வாசல்ல அந்தப் பேரு இருந்தா, கை ஒடிஞ்சவன் ஒருத்தன்கூட உள்ள வரமாட்டான்."