எள்ளும் மணலும்

“ஒட்டவே மாட்டேங்கிறாங்கம்மா.”

பந்தி பார்க்கும் சிவக்கொழுந்து சலிப்போடு வந்து நின்றார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். அவருடைய குரு ஞானாம்பாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மடத்தில் எல்லாருக்கும் அவள் அம்மாதான்.

கடல் வீட்டைக் கொண்டுபோனதால் மடத்தில் வந்து தங்கிய குடும்பங்களைப் பற்றித்தான் பேச்சு. வந்து ஒரு பருவம் ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் இன்னும் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனசு விட்டுப்போய், விடிந்தால் கிளம்புவது என்று அவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள்.

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“பந்தியில ஒரு ஊர்க்காரர், ஒரு கடற்கரைக்காரர்னு மாத்தி மாத்தி உக்கார வெச்சேன். தினமும் இடத்தைக் கலைச்சு, குலுக்கிக் குலுக்கிப் பார்த்துட்டேன். கை கழுவிட்டு வந்தா அவங்க அந்தப் பக்கம், இவங்க இந்தப் பக்கம்.”

அம்மா வயலுக்குக் கிளம்ப எழுந்தாள்.

“எள்ளை மணலோட கலந்தாச்சா? வயலுக்கு எடுத்துட்டு வாங்க” என்றாள்.

எள் பொடி விதை. அப்படியே வீசினால் ஓரிடத்தில் கொட்டிவிடும். மணலோடு கலந்து வீசினால்தான் பரவலாக விழும்.

சிவக்கொழுந்து எதையும் திருந்தச் செய்கிற மனிதர். மணலை மாவுபோலச் சலித்திருந்தார். கலந்த வாளியை வரப்பு நெடுகக் குலுக்கிக்கொண்டே வந்தார். வயலில் இறக்கிப் பார்த்தால் மேலே முழுக்க எள். அடியில் வெறும் மணல்.

“ஐயோ! நல்லாத்தானே கலந்தேன்? இன்னும் சேரட்டும்னு வழியெல்லாம் வேற குலுக்கினேனே!”

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இன்னொரு தடவை குலுக்குங்க, பார்ப்போம்.”

கையால் கிளறிவிட்டுக் குலுக்கினார். மணல் இடுக்கு பார்த்துக் கீழே இறங்கியது. எள் மேலே ஏறியது. மறுபடி கிளறிக் குலுக்கினார். அதே கதை. எரிச்சல் போய் அவருக்கு ஆசையே வந்துவிட்டது. குந்தி உட்கார்ந்து, மூக்கு வாளியில் இடிக்கிற மாதிரி பார்த்தார்.

“அப்ப எப்படித்தாம்மா கலக்கிறது?”

அம்மா ஒரு பழைய வேட்டியை விரித்து, வாளியை அதில் கவிழ்த்தாள்.

“நாலு முனைக்கு நாலு ஆள் வேணும். இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடுங்க.”

ஊர்க்காரி பவுனு வந்தாள். கடற்கரையிலிருந்து வந்த கடலரசியும் வந்தாள். எதிரெதிர் முனையைப் பிடித்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

ஒரு முனை ஏறியது, எதிர்முனை இறங்கியது. எள்ளும் மணலும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு ஓடின. புரண்டு திரும்பி வந்தன.

“கொட்டுது, கொட்டுது! உன் பக்கம் தூக்கு!” என்று கத்தினாள் பவுனு.

“முதல்ல நீங்க இறக்குங்கக்கா!”

சிவக்கொழுந்து குனிந்து பார்த்தார். எந்த இடத்தில் கிள்ளி எடுத்தாலும் விரலில் இரண்டும் வந்தன. வெகுநேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் பந்திக்கு வந்தவர்கள் வழக்கம்போல வாசலில் நின்றார்கள்.

“இன்னைக்கு யார் பக்கத்துல யாரு, சாமி?”

“எனக்கென்ன தெரியும்?” என்றார் சிவக்கொழுந்து. இரண்டு காது வைத்த பெரிய சோற்று அண்டாவைக் காட்டினார். “பரிமாறணும். தூக்குங்க.”

பவுனு ஒரு காதைப் பிடித்தாள். மறு காதைக் கடலரசி பிடித்தாள். நாலடி வைத்ததும் பவுனு நின்றுவிட்டாள்.

“ஏண்டி, விடிஞ்சா நீ கிளம்பிட்டா இந்தக் காதை யாரு பிடிப்பா?”