வெள்ளையடித்த தெரு

மேலத்தெரு செங்கமலத்தின் மூளைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

ஊராட்சித் தலைவர் வேதரத்தினம் மறுபடியும் தேர்தலில் நின்றார். எந்தப் பக்கம் சாயுமென்று தெரியாத கடைத்தெருவுக்கே தினமும் ஓடினார். கண்ணை மூடிக்கொண்டு அவருக்கே ஓட்டுப் போடும் மேலத்தெருவில் ஆறு மாதமாகக் குழாய் வறண்டு கிடந்தது; அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சுண்ணாம்படிக்கும் செங்கமலம், தெருச் சுவர்களில் இருந்த அவருடைய சின்னத்தையெல்லாம் ஒரே காலையில் வெள்ளையடித்து மறைத்தாள்.

மதியமே தலைவர் பதறி வந்தார். "யார் சின்னத்தை வரையப் போறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணலீங்கய்யா."

"இது நம்ம தெருவாச்சே!"

"நம்ம தெருன்னுதானே நீங்க வரவே இல்ல?"

சாயங்காலம் குழாயில் தண்ணீர் கொட்டியது. "இப்பவாவது சின்னத்தை வரையலாமா?" என்று தலைவர் கெஞ்சினார்.

செங்கமலம் நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றினாள். "ஓட்டுப் போடுற நாள் வரைக்கும் சுவரு காயட்டுங்கய்யா."