இருமல் அழித்த எழுத்து

காகிதத்தை யாரும் கண்ணால் பார்த்திராத காலம் அது. சின்னவர்களே, கேளுங்கள். பெரியவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள்.

சுண்ணாம்புக் காளவாசல்கள் இரவும் பகலும் புகைகிற ஓர் ஊர். அங்கே ஓலைக் கொட்டகையில் ஒரு பள்ளிக்கூடம். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத வேண்டும். எழுதும்போதே வாய்விட்டும் சொல்ல வேண்டும். பாடம் சொல்கிறவரை அண்ணாவி என்பார்கள்.

காளவாசலில் கூடை சுமக்கிறவனின் மகன் பூவலிங்கம். பிறந்ததிலிருந்தே அவனுக்கு இரைப்பு. குனிந்தால் தூசி ஏறும். தூசி ஏறினால் இருமல் வரும். இருமினால், எழுதிய எழுத்து பறந்துவிடும். அண்ணாவி வந்து பார்க்கும்போது வெறும் மணல்தான் கிடக்கும்.

"மண்டு" என்றார் அண்ணாவி. ஒரு வருஷம் முழுக்க அதையே சொன்னார். ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து அவன் எழுதுவதைப் பார்த்தாரா? இல்லை.

ஆடி மாதம் பிறந்ததும் அவனுடைய அப்பாவைக் கூப்பிட்டார்.

"மூணு வெள்ளிக்கிழமை பார்ப்பேன். பன்னெண்டு உயிரெழுத்தையும் எழுதிக் காட்டலேன்னா கூட்டிட்டுப் போயிரு."

"சரிங்க அண்ணாவி. எழுத்து ஏறலேன்னா கூடை சுமக்கட்டும்."

அன்று அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. அந்தக் காளவாசல் புகையில்தான் மூத்த மகன் இருமி இருமிச் செத்திருந்தான்.

முதல் வெள்ளிக்கிழமை. ஆனா, ஆவன்னா, இனா. இருமல் வந்தது. மூன்றும் போயின.

இரண்டாம் வெள்ளிக்கிழமை மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினான். ஏழாவது எழுத்தில் நெஞ்சு வெடித்தது. ஏழும் போயின.

"அண்ணாவி, இவன் எழுத்தை இவனே ஊதித் தின்னுட்டான்!" என்று கத்தினான் சட்டாம்பிள்ளை. மாணவர்களை மேய்க்கும் பெரிய மாணவன் அவன். பெயர் கடற்கரையாண்டி. பூவலிங்கத்தின் பக்கத்தில் ஒரு சுரைக்குடுக்கை இருந்தது. இரைப்புக்கு அம்மா காய்ச்சிக் கொடுத்த ஆடாதோடைக் கஷாயம் அதில் இருந்தது. சட்டாம்பிள்ளை அதைக் காலால் தட்டிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

கஷாயம் மணலில் ஊறியது. பூவலிங்கம் அழுதுகொண்டே அந்த ஈரத்தில் விரலை வைத்தான். கோடு விழுந்தது. இருமினான். கோடு அசையவில்லை. மறுபடி இருமிப் பார்த்தான். அப்போதும் அசையவில்லை.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் தட்டிவிடுவார்கள் என்று பயம். ஏழு நாளும் தூக்கத்தில் எழுத்துகளை முணுமுணுத்தான்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே காற்று. நெஞ்சு ஓட்டைத் துருத்தி போல் இரைந்தது. குடுக்கையைக் கையில் எடுத்தான். குடித்தால் மூச்சு வரும். ஊற்றினால் எழுத்து நிற்கும். இரண்டுக்கும் போதாது. அம்மா கொட்டகைக்கு வெளியே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மணலில் ஊற்றினான்.

ஆனா என்று தொடங்கினான். ஏழைத் தாண்டினான். பத்தைத் தாண்டினான். குரல் அடைத்துப்போனது. உதடு நீலம் பாய்ந்தது. பன்னிரண்டாவது எழுத்தை முடிக்கும்போது ஆடிக்காற்று கொட்டகைக்குள் புகுந்து சுழற்றி அடித்தது.

பிள்ளைகள் இருமினார்கள். சட்டாம்பிள்ளை இருமினான். அண்ணாவியும் இருமினார். காற்று அடங்கியபோது எல்லார் முன்னாலும் வெறும் மணல். பூவலிங்கத்தின் முன்னால் மட்டும் பன்னிரண்டு எழுத்துகள் வரிசையாக நின்றன. அவன் சுருண்டு கிடந்தான்.

அம்மா ஓடிவந்து அவனை நிமிர்த்தி உட்காரவைத்து நெஞ்சைத் தடவினாள். நெடுநேரம் கழித்து மூச்சு திரும்பியது.

"என்னத்தலே ஊத்தினே?" என்று கேட்டார் அண்ணாவி.

"எங்கம்மா தந்த கஷாயம்... அதுக்குத்தான் எழுத்து நிக்கும்."

"மூச்சுக்கு வச்சிருந்ததையா? ஏலே, தண்ணியே போதுமேலே!"

சொல்லிவிட்டு அண்ணாவி வாயைப் பொத்திக்கொண்டார். தண்ணீர் போதும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு வருஷத்தில் ஒரு நாளும் தெளிக்கத்தான் தோன்றவில்லை.

மறுநாள் முதல் கொட்டகை மணலில் எல்லாருக்கும் தண்ணீர் தெளித்தார்கள். தூசி அடங்கியது. பூவலிங்கத்தின் இருமலும் மெல்ல மெல்ல அடங்கியது. அவன் படித்தான், காளவாசல் பக்கமே போகவில்லை. அண்ணாவி மட்டும், தண்ணீர் தெளிப்பது தன் யோசனை என்று சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு பிள்ளையை மண்டு என்று சொல்லுமுன், அதன் எழுத்தை அழிப்பது எது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.